ஒரே கிளையில் நான்கு கூடுகள்

எங்கள் ஊர்ப் புளியமரத்துத் தூக்கணாங்குருவிக்கும் மேலே ஓடைக்காட்டுத் தூக்கணாங்குருவிக்கும் உள்ள வித்தியாசத்தை, வெறும் கூட்டைப் பார்த்தே சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருத்தி நான், பெராவீனா. இன்னொருத்தி சனேதி. அவள்தான் சபையில் நின்று பொய் சொன்னாள். தெரியாமல் சொல்லியிருந்தால் போகட்டும் கழுதை என்று விட்டிருப்பேன். தெரிந்தே சொன்னாள். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

முதலில் குருவிகளைச் சொல்லிவிடுகிறேன். அவற்றைச் சொல்லாமல் அவளைத் திட்டினால் எனக்குத் திருப்தியாக இருக்காது.

மடகாஸ்கர் முழுக்கத் தேடினாலும் இந்த இனத்தில் இந்த இரண்டுதான். அக்கா தங்கை பிள்ளைகள் மாதிரி நெருங்கின சொந்தம். ஆனால் குணம் ஏணி வைத்தாலும் எட்டாது. புளியமரத்துக் குருவிக்குக் கூட்டம் வேண்டும். ஆணுக்கு மஞ்சள் தலை; கண்ணைச் சுற்றி, அழுது வீங்கின மாதிரி சிவந்த தோல். ஒரே மரத்தில் எண்பது கூடு, நூறு கூடு தொங்கும். விடிந்தால் ஒரே இரைச்சல். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று குடும்பம். அங்கே தலையைக் காட்டிவிட்டு இங்கே ஓடிவருவான். நெல் முற்றினால் முதல் பந்தியில் உட்காருகிறவர்கள் அவர்கள்தான். மர உச்சியில் பருந்து கூடு கட்டினால் இவர்களுக்கு இன்னும் கொண்டாட்டம். பெரிய திருடன் தலைக்கு மேல் இருந்தால் சின்னத் திருடர்கள் வரமாட்டார்கள் என்று பருந்தின் காலடியிலேயே குடித்தனம் நடத்துவார்கள்.

ஓடைக் குருவி அப்படி இல்லை. ஆணுக்குக் கறுத்த தலை, கழுத்தில் மஞ்சள் வளையம், சாம்பல் வயிறு. பெட்டைக்கு முகமே மஞ்சள். புழு பூச்சிதான் சாப்பாடு, நெல்லைத் திரும்பியும் பார்க்காது. ஒரு ஓடைக்கு ஒரு ஜோடி. தண்ணீருக்கு மேலே நீண்ட கிளை நுனியில் தனியாக ஒரு கூடு தொங்கும். வாசல் குழாய் முழங்கை நீளத்துக்குக் கீழே இறங்கும். நெசவு நெருக்கமாக இருக்காது, கூட்டுக்குள் வெளிச்சம் தெரியும். ஈரக்காடு இல்லாத இடத்தில் இந்தக் குருவி ஒரு நாள்கூடத் தங்காது. அதனிடம் ஒரு பழக்கம் உண்டு. போன வருஷத்துக் கூட்டைப் பிய்த்து எறியாது. அதே கிளையில் பக்கத்திலேயே புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளும். நான்கு வருஷம் ஒரே ஜோடி இருந்தால் அந்தக் கிளையில் நான்கு கூடு தொங்கும். ஒன்று பழுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று கிழிசல், ஒன்று வெறும் கயிறும் கந்தலும்.

இந்த நான்கு கூட்டை வைத்துத்தான் எல்லாம் நடந்தது.

எங்கள் ஊருக்குக் கீழே வெயில் காய்கிற வயல்வெளி. மேலே மூங்கிலும் பெருமரமும் அடைத்த ஓடைக்காடு. மழையில்லாத மாதங்களில் ஊருக்குத் தண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான். என் வனிலாக் கொடி, ஊராரின் கோடை நெல், மாடுகளின் தொட்டி எல்லாம் அதை நம்பித்தான். பத்து வருஷத்துக்கு முன் அரசாங்கம் ஓடைக்காட்டை ஊரின் காவலில் விட்டது. பத்தாம் வருஷம் அதிகாரி வந்து பார்ப்பார். ஈரக்காடாகவே இருந்தால் ஊருக்குத் தொடரும், காய்ந்துபோயிருந்தால் கேட்கிறவருக்குக் குத்தகை. ஈரத்துக்கு அத்தாட்சி என்று காகிதத்தில் எழுதியிருந்தது ஓடைக் குருவியின் கூடு. கூடுகளைப் பார்த்துவர ஊர் இரண்டு காவல்காரிகளை வைத்தது. இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால் அதுவே எழுத்து.

அந்த இரண்டு பேர் நானும் சனேதியும். பத்து வருஷம் ஒரே பாறையில் உட்கார்ந்து, ஒரே இலையில் மரவள்ளிக்கிழங்கு தின்று குருவி பார்த்திருக்கிறோம். எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்து, சண்டை போட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டோம்.

"அவனப் பாருடி," என்பாள் சனேதி, ஓடைக் குருவியைக் காட்டி. "ஒரே பொண்டாட்டி, ஒரே ஓடை. பண்டிகைக்குக்கூட ஊருக்குள்ள வரமாட்டான். சரியான உம்மணாமூஞ்சி. உன்ன மாதிரியே."

"உன் வீட்டுக்காரர் புளியமரத்து ஆளுதானே? எத்தன வீட்டுக் கதவு தொறந்து கெடக்குதுன்னு அவருக்குத்தான் தெரியுமாம்."

"தெரிஞ்சிட்டுப் போவட்டும். சோத்துக்கு எங்கிட்டத்தான் வந்தாகணும். நான் பூட்டுனா பட்டினி."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான். அவள் சிரித்தால் ஓடை முழுக்கக் கேட்கும். குருவி கிளை மாறி உட்காரும்.

போன வருஷம் வயலுக்கு அந்தப்பக்கம் இலாங்பூ வாசனை எண்ணெய் ஆலை வந்தது. அந்த மஞ்சள் பூவைச் செப்புக் கொப்பரையில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கவிட்டால்தான் எண்ணெய் இறங்கும். அதற்கு விறகு வேண்டும், மலை மலையாக வேண்டும். ஆலைக்காரர் பூதுவாவு ஒருநாள் ஊருக்குள் வந்து, புளியமரத்தடியில் நின்று, மேலே ஓடைக்காட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் புரிந்தது. பத்தாம் வருஷம் முடிய அப்போது ஐந்து மாதம் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் சனேதி என் குடிசைக்கு வந்தாள். முகத்துக்கு அழகுக்கு மரப்பட்டைச் சாந்து பூசி, புதுத்துணி உடுத்தி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்தாள். நான் வனிலாக் காய்களைக் கம்பளியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

"பெரா, ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"கேளு."

"நாம ஃபதித்ரா பண்ணிக்கலாமா?"

நான் கையிலிருந்த காயைக் கீழே வைத்தேன். ஃபதித்ரா என்றால் ரத்தச் சபதம். என் நெஞ்சில் கீறி எடுத்த ரத்தத்தை இஞ்சித் துண்டில் தொட்டு அவள் விழுங்க வேண்டும், அவளுடையதை நான் விழுங்க வேண்டும். அதற்குப் பிறகு கூடப்பிறந்தவளைவிட ஒரு படி மேல். அவள் வீடு என் வீடு. அவள் கல்லறை என் கல்லறை. அவள் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சபையில் அவள் பேசினதை நான் மறுக்கக் கூடாது, நான் பேசினதை அவள் மறுக்கக் கூடாது. துரோகம் செய்தவளை முதலை இழுத்துப்போகும்; முதலை விட்டாலும் இடி விடாது.

"திடீர்னு என்னடி?" என்றேன்.

"திடீர்னா? பத்து வருஷமாச்சு. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருடி தூக்குவா? எங்க வைப்பாங்க உன்ன? ரோட்டோரத்துலயா?"

அங்கேதான் தொட்டாள். நான் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவள். என் புருஷன் காய்ச்சலில் போனதும் அவன் சொந்தக்காரர்கள் வந்து உடலைத் தங்கள் ஊர்க் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னைக் கொண்டுபோகவில்லை. எங்களில், உயிரோடு இருக்கையில் வீடு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. செத்தபின் குடும்பக் கல்லறையில் இடமில்லாதவள் மனுஷியில் சேர்த்தி இல்லை. சனேதி அதைத் தெரிந்தவள். அவளைத் தவிர வேறு யாரிடமும் நான் அதைச் சொல்லி அழுததும் இல்லை. அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு கூச்சமில்லாமல் அழுதேன். முட்டாள் என்று என்னைச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

சடங்கு ஊர்ச் சபையில் நடந்தது. ஊர்த்தலைவர் ஜவுவீதா தண்ணீர்ச் சட்டியில் ஈட்டி முனையை வைத்துக் கலக்கிக்கொண்டே சாபங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலை, இடி, குஷ்டம், மலடு, கல்லறையில்லாச் சாவு. இரண்டு பேர் நெஞ்சிலும் சவரக்கத்தியால் ஒரு கீறல். இரண்டு இஞ்சித் துண்டு. நான் கண்ணை மூடி விழுங்கினேன். கண்ணைத் திறந்தபோது அவள் வாயைத் துணியால் ஒற்றிக்கொண்டு சிரித்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு கிடா வெட்டி, தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்து ஊரே சாப்பிட்டது. அதற்குப் பிறகு அதிகாரி வரும்வரை மூன்று மாதமும் நான் தரையில் நடக்கவில்லை.

மழையில்லாத ஆகஸ்டு மாதம் அதிகாரி வந்தார். மேட்டுநிலத்து மனிதர், நல்லவர்தான், ஆனால் குருவி தெரியாது. குருவிகள் கூடு கட்டாத பருவம் வேறு. ஆண்களின் நிறம் மங்கி, ஜோடி காட்டுக்குள் எங்கோ இரை தேடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது கூடுகள் மட்டும். அவரை ஓடைக்குக் கூட்டிப்போனோம். தலைவர், ஊரார் பத்துப் பேர், ஆலைக்காரர் பூதுவாவு, நாங்கள் இரண்டு பேர். தலைவர் ஊராரோடு நிற்கிற இடமெல்லாம் எங்களுக்குச் சபைதான். தண்ணீருக்கு மேலே அந்தக் கிளை நீண்டிருந்தது, அதில் நான்கு கூடு.

"இது எந்தக் குருவியோடது?" என்று கேட்டார் அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் சனேதி ஒரு அடி முன்னே வந்தாள்.

"பாத்தாலே தெரியலையா ஐயா? ஒரே கிளையில நாலு கூடு. கூட்டமா கட்டுறது புளியமரத்துக் குருவி. ஓடைக் குருவி தனியா ஒண்ணுதான் கட்டும். காடு காயக் காயக் கீழ இருக்குற குருவி மேல ஏறி வந்துருச்சு."

அவள் ஏதோ விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பூதுவாவு காலடியில் இருந்த கூழாங்கல்லை ஷூவால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு காவல்காரி என்ன சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா, அது நாலு குடும்பம் இல்லை, ஒரே குடும்பத்தின் நாலு வருஷம், ஒரு கூடு புதிசு மூணு கூடு மக்கினது, குழாய் நீளத்தைப் பாருங்கள், உள்ளே வெளிச்சம் தெரிகிறது பாருங்கள் என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொன்னால் என் ரத்தச் சகோதரியைச் சபையில் பொய்க்காரி ஆக்கினவள் ஆவேன். சபதம் உடைத்தவள் சொல்லை யாரும் எடுக்கமாட்டார்கள். அவளோடு அடுப்பைக்கூடப் பகிர்ந்துகொள்ளமாட்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். "சொல்லும்மா பெரா."

"என் சகோதரி சொன்னதுதான் என் சொல்," என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். மூன்று நாளில் காகிதம் தயாராகும், சபையில் இரண்டு பேரும் கைநாட்டு வைத்தால் போதும் என்றார். இறங்கி வரும்போது சனேதி ஆலைக்காரருக்குப் பின்னால், அவர் நிழலை மிதிக்கிற தூரத்தில் நடந்துபோனாள். எனக்கு அந்தப் பருந்து நினைவு வந்தது.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள் என்று அன்று முழுக்க அவளைத் திட்டினேன். வனிலாக் கொடியிடம் திட்டினேன், கோழியிடம் திட்டினேன். திட்டித் தீர்ந்ததும் வேறொரு பயம் பிடித்தது. அவள் செய்தது துரோகம். துரோகம் செய்தவளுக்கு முதலை. அவளுக்கு நாலு பிள்ளைகள். தினமும் ஆற்றில்தான் குளிக்கின்றன. சாபத்துக்குப் பெரியவர் சிறியவர் தெரியுமா? ஏமாற்றினவள் அவள், தூக்கம் கெட்டவள் நான். எங்கள் வழக்கத்தில் அதற்கும் ஒரு மருந்து உண்டு. ஏமாந்தவள் தானே ஒரு வெள்ளைக் கோழியைக் கொண்டுபோய், துரோகியின் வாசலில் அறுத்து, நான் மன்னித்தேன் என்று சொன்னால் சாபம் திரும்பிவிடும். மறுநாள் காலையில் என்னிடம் இருந்த ஒரே வெள்ளைப் பெட்டைக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

சனேதி வாசலில் வாழைப்பழப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதுத் தகரம் ஒரு அடுக்கு, கயிறுகூட அவிழ்க்காமல் கிடந்தது.

"வாடி," என்றாள், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல். "திட்டத்தானே வந்த? திட்டு. எவ்வளவு வேணா திட்டு."

"ஏண்டி செஞ்ச?"

"எங்க வீட்டுக்காரருக்கு ஆலையில அடுப்பு வேலை. வருஷம் முழுக்க. எனக்குத் தகரம். ஒவ்வொரு மழைக்கும் பிள்ளைங்க தலையில சட்டிய கவுத்துக்கிட்டுத் தூங்குதுங்க. உனக்கென்ன, தனிக்கட்டை. உனக்கு ஒரு ஓடை போதும். எனக்கு அப்படியா?"

"ஓடை காஞ்சா உன் பிள்ளைங்க எதக் குடிக்கும்?"

"ஆலைக்காரர் கெணறு வெட்டித் தர்றேன்னாரு."

"வெட்டுவாரு, வெட்டுவாரு. உன்ன மாதிரி ஆளுங்களுக்குன்னே வெட்டுவாரு."

அவள் பணியாரத்தைத் திருப்பிப் போட்டாள். நான் கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன். "கத்திய எடு. வாசல்ல அறுத்துட்டுப் போறேன். உன் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. அழப்போகிறாளோ என்று நினைத்தேன். சிரித்தாள்.

"கோழிய வீட்டுக்குக் கொண்டு போ, பெரா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"எப்படி ஆகாது? ரத்தம் குடிச்சிருக்கோம்."

"நீ குடிச்ச."

பணியாரம் கருகியது. அவள் அதை எடுக்கவில்லை.

"நான் நாக்குக்கு அடியில வச்சிக்கிட்டேன்," என்றாள். "குலவை போட்டாங்கல்ல, அப்ப துணியில துப்பிட்டேன். போ, பெரா. யாருகிட்டயும் சொல்லாத. சொன்னாலும் நம்ப மாட்டாங்க. ஊரே பாத்துச்சு."

நான் கோழியைப் பிடித்தபடி எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. ஆலைக்காரர் வந்து காட்டைப் பார்த்தது, அதற்குப் பிறகு இவள் புதுத்துணியில் வந்தது, கல்லறையைப் பற்றிப் பேசினது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றது. என் வாயைக் கட்டத்தான் அந்தச் சபதம். என்னைச் சேர்த்துக்கொள்ள இல்லை. ஒரு நாள்கூட, ஒரு நிமிஷம்கூட அவள் எனக்குச் சகோதரியாக இருக்கவில்லை. மூன்று மாதம் நான் யாரோ ஒருத்தியின் பிள்ளைகளுக்கு என் பிள்ளைகள் என்று எண்ணெய் தேய்த்து விட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கோழியை விட்டேன். அது ஒன்றும் நடக்காத மாதிரி கிளறிக்கொண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. சபதத்தை நம்பாதவள் விழுங்கிவிட்டுப் போயிருப்பாள். ஒரு துண்டு இஞ்சி, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதானே? நம்பாதவளுக்கு அதைத் துப்ப வேண்டிய அவசியம் என்ன? சனேதி என்னைவிட அதிகமாகப் பயந்தவள். பயந்ததால்தான் துப்பியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் சபை கூடியது. புளியமரத்தடியில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தலைவர். ஊர் முழுக்க வந்திருந்தது; ஆலைக்காரரும் குனிந்த தலையோடு ஓரமாக நின்றார். மேலே பழைய கூடுகளுக்குள் நூறு குருவிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அதிகாரி காகிதத்தைப் படித்தார். சனேதி முதலில் போய்க் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "வைக்கிறேன் ஐயா. அதுக்கு முன்னாடி தலைவர்கிட்ட ஒரு சின்ன ஆசை."

"சொல்லும்மா," என்றார் ஜவுவீதா.

"காடு போகப்போகுது. என் கொடியும் போகும். இனிமே எனக்குன்னு இருக்குறது என் சகோதரி மட்டும்தான். அவகூட இன்னொரு தடவை ரத்தம் விழுங்கிட்டு, அந்தத் தெம்போட விரல் வைக்கிறேன்."

கூட்டத்தில் கிழவிகள் "ஐயோ பாவம்" என்றார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சனேதியின் முகத்தில் காய்ந்திருந்த சாந்து விரிசல் விட்டது.

"எதுக்கு இன்னொரு தடவை?" என்றாள். "ஒரு தடவை பண்ணினா சாகுற வரைக்கும். இவளுக்குத் துக்கத்துல புத்தி தடுமாறுது."

"தப்பில்லையேம்மா," என்றார் தலைவர். "ஏற்கெனவே ஒண்ணா ஆனவங்க மறுபடி விழுங்கினா, அது சோத்துக்கு மேல சோறு. பசிச்சவ கேக்குறா, குடுத்துட்டுப் போ."

"ஐயாவுக்கு நேரமாகுது..."

"எனக்கு அவசரமில்ல," என்றார் அதிகாரி. அந்த மனிதருக்கு வேடிக்கை பார்க்கிற ஆசை.

சட்டி வந்தது, ஈட்டி வந்தது, இஞ்சி வந்தது. தலைவர் சாபங்களைச் சொன்னார். இந்த முறை கண்ணை மூடவில்லை நான். இரண்டு பேர் நெஞ்சிலும் கீறினார்கள். என் துண்டில் அவள் ரத்தம் பட்டது. எல்லாரும் பார்க்க மென்றேன், விழுங்கினேன், வாயைத் திறந்து தலைவருக்குக் காட்டினேன்.

"இப்ப என் சகோதரி," என்றேன். "என்ன மாதிரியே வாயத் தொறந்து காட்டணும். அவ்வளவுதான்."

சனேதி இஞ்சியை வாயில் போட்டாள். மென்றாள். ஊரே அவள் தொண்டையைப் பார்த்தது. பூதுவாவு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். அவள் மென்றுகொண்டே இருந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. என்னைப் பார்த்தாள், ஓடையில் அன்று பார்க்காத பார்வையை இப்போது பார்த்தாள்.

நான் சொல்வதை நீங்கள் நம்பவேண்டும். அவளைச் சிக்க வைக்கத்தான் இவ்வளவும் செய்தேன். ஆனால் அந்த நேரத்தில் என் மனசு என்ன வேண்டிக்கொண்டது தெரியுமா? விழுங்கிடு, சனேதி. விழுங்கிடு. காடு போனாலும் போகட்டும், ஓடை காய்ந்தாலும் காயட்டும். ஒரே ஒரு தடவை விழுங்கிடு, நான் விரலை வைத்துவிட்டு உன்னோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சத்தியமாக அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

அவள் குனிந்தாள். தன் கால்களுக்கு நடுவே, மண்ணில், துப்பினாள்.

தலைவர் ஈட்டியைச் சட்டியிலிருந்து எடுத்தார்.

"ஏன்?" என்றார்.

"பிள்ளைங்க இருக்கு," என்றாள் சனேதி. "ஆத்துல குளிக்குதுங்க."

"அன்னைக்கும் இதேதானா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஆட்டல்தான், ஆனால் ஊருக்குப் புரிந்துவிட்டது. அவள் புருஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைவிட்டு நடந்தான். தலைவர் என் பக்கம் திரும்பினார். "பெரா, உன் வாய்க்குக் கட்டு எதுவும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. பேசு."

பேசினேன். நான்கு கூடும் ஒரே ஜோடியுடையது, நான்கு வருஷத்தில் கட்டினது என்று சொன்னேன். தலைக்கு மேலிருந்த புளியமரத்துக் கூட்டைக் காட்டி, இது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, அது எவ்வளவு தளர்வு, இதன் குழாய் எவ்வளவு, அதன் குழாய் எவ்வளவு என்று சொன்னேன். கூட்டமாகக் கட்டுகிற குருவி எல்லாக் கூட்டையும் ஒரே பருவத்தில் கட்டும், அப்படியிருக்க ஒன்று பழுப்பாகவும் மற்றது மக்கியும் இருப்பது எப்படி என்று கேட்டேன். அதிகாரி இன்னொரு முறை ஓடைக்கு ஏறினார். ஏணி வைத்துக் கிளையிலிருந்து நான்கையும் தொட்டுப் பார்த்தார். கடைசிக் கூடு விரல் பட்டதும் உதிர்ந்தது. இறங்கி வந்து பழைய காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு புதிதாக எழுதினார். ஓடைக்காடு இன்னும் பத்து வருஷத்துக்கு ஊருடையது.

ஆண்கள் என் முதுகில் தட்டினார்கள். பெண்கள் சோறு கொண்டுவந்தார்கள். ஜவுவீதா தன் குடும்பக் கல்லறையில் எனக்கு ஒரு இடம் தருவதாக எல்லார் முன்னாலும் சொன்னார். நான் நன்றி சொன்னேன், சோற்றைத் தின்றேன், ஆனால் நாக்கில் இஞ்சிக் காரம் மட்டும்தான் இருந்தது.

இப்போது ஓடைக்குத் தனியாகத்தான் போகிறேன். சனேதி இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். வழியில் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், அவளும்தான். தலைவர் கட்டில்லை என்றார், ஆனால் விழுங்கினவளுக்குச் சபதம் என்றால் சபதம். அவள் ரத்தம் இரண்டு முறை எனக்குள் போயிருக்கிறது. அவளுக்கு ஒரு கேடு வந்தால் ஓடவேண்டியவள் நான். எனக்கு வந்தால் அவள் வரவேண்டியதில்லை.